கிராங்க் கேஸில் கிடந்த இரும்பு

பழைய வண்ணாரப்பேட்டை,
6 டிசம்பர் 2024.

அன்பு அண்ணன் லியாகத் அலிக்கு, தங்கச்சி சபீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் ஆஃபியாவும் சுகம். புழல் சிறையில் இருக்கிறவனிடம் சுகமா என்று கேட்பது எந்த ஊர் நியாயமோ, ஆனாலும் கேட்கிறேன். சர்க்கரை மாத்திரை வேளைக்குத் தருகிறார்களா? தரையில் படுத்தால் உனக்கு இடுப்புப் பிடிக்குமே, விரிக்க ஏதாவது இருக்கிறதா?

உனக்கு இலவச வக்கீலாகப் போட்டிருக்கும் சங்கமித்ராவைப் பார்த்தேன். வியாசர்பாடிப் பெண், சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. எனக்கு விளங்குகிற மாதிரி கேஸைச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. சுப்பராயனின் விசைப்படகு காசிமேட்டிலிருந்து கிளம்பியது. காட்டுப்பள்ளிக்கு நேரே கடலில் இன்ஜின் நின்றுபோய், காற்றில் படகு கவிழ்ந்து மூன்று பேர் மௌத். படகை இழுத்து வந்து இன்ஜினைப் பிரித்தபோது கிராங்க் கேஸுக்குள், அதுதான் இன்ஜினின் அடிவயிற்றில், ஒரு இரும்பு சிக்கிக்கொண்டிருந்தது. "என் இன்ஜின்ல கை வெச்சவன் லியாகத் பாய் ஒருத்தன்தான். என்கூட சண்ட போட்டுகினு போனான், வேணும்னே போட்டுட்டான்" என்று சுப்பராயன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதனால்தான் கொலைக் கேஸ். அதனால்தான் ஜாமீன் இல்லை.

இப்போது எல்லாம் அந்த இரும்பில்தான் நிற்கிறதாம். போலீஸ் அதை 'அடையாளம் தெரியாத கூரான பொருள்' என்று எழுதியிருக்கிறது. அது ரிப்பேர் வேலைக் கருவிதான் என்று காட்டிவிட்டால், வேலை செய்தவர் யாரோ மறந்து உள்ளே விட்டார் என்று ஆகும், கொலை என்ற பேச்சு போய்விடும். என்ன வேலைக்கான கருவி என்று தெரிந்தால், அந்த வேலையைச் செய்தவர் யார் என்றும் தேடலாம். அண்ணே, முப்பது வருஷமாக இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவன் நீ. பேரை மட்டும் சொல்.

போட்டோ வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் மரப்பிடி, பாதி தீய்ந்திருக்கிறது, அதில் ஒரு பித்தளை வளையம். மறுபக்கம் கரண்டி மாதிரி வளைந்து, ஓரமெல்லாம் கத்தி. உன் மச்சானிடம் காட்டினேன். அவரும் உன்கூடவே கிடந்து வேலை செய்கிறவர்தானே. போட்டோவை வாங்கிப் பார்த்தார். "இன்னான்னு தெர்லயே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை. உன்னை நினைத்து அவருக்குச் சோறே இறங்குவதில்லை.

பதில் சீக்கிரம் போடு. துஆவோடு,
சபீஹா.


மத்திய சிறை, புழல்,
21 டிசம்பர் 2024.

அன்புத் தங்கச்சி சபீஹாவுக்கு, அண்ணனின் வஅலைக்கும் ஸலாம். மாத்திரை தருகிறார்கள். சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் வேண்டும், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. இடுப்புக்கு ஒரு தோஸ்து தன் போர்வையைக் கொடுத்திருக்கிறான். திருட்டுக் கேஸ். அதனால் போர்வை யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வக்கீலம்மா சொன்னதில் ஒன்றைத் திருத்தவேண்டும். கிராங்க் கேஸை நான் திறக்கவே இல்லை. சுப்பராயன் கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து ஓர் ஆதிகாலத்து இன்ஜினை வாங்கிவந்து படகில் ஏற்றியிருந்தான். மேலே வால்வு வேலை மட்டும் பார்த்தேன். ஓட்டிப் பார்த்தால் கீழே பேரிங் தட்டியது. "கடலுக்கு விடாதே, ஆள் செத்துப்போவான்" என்றேன். "உன் வேலய மட்டும் பாரு" என்றான். வார்த்தை தடித்தது. நான் இறங்கி வந்துவிட்டேன். சண்டை என்றால் அவ்வளவுதான் சண்டை.

ஒரு மெக்கானிக் வேண்டாமென்று இறங்கிய இன்ஜினில், அவனை ஒரு வார்த்தை கேட்காமல் வேறு எவனும் கை வைப்பதில்லை. காசிமேட்டு வழக்கம் அது, உனக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் எனக்குப் பிறகு யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள்.

போட்டோவில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சான் இரண்டு தடவை மனு போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. நேரம் முடிந்ததும் எழுந்து போனார். நீ வராதே, பெண்கள் வரிசையில் மணிக்கணக்காக நிற்கவேண்டும், உன் முட்டிக்கு ஆகாது. ஆஃபியாவைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்.

வஸ்ஸலாம்,
லியாகத் அலி.


பழைய வண்ணாரப்பேட்டை,
8 ஜனவரி 2025.

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உனக்குத் தெரியாவிட்டால் போகட்டும், ஊரில் மெக்கானிக்குக்கா பஞ்சம் என்று போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பள்ளிப் பை தைக்கிற வேலையைக் காலையில் முடித்துவிட்டுப் பகலெல்லாம் சுற்றுகிறேன். காசிமேட்டில் ஒருவர் ஐஸ் உடைக்கிறது என்றார். ஏன் பாய், ஐஸ் உடைக்கக் கரண்டி எதற்கு என்றால், "அதான் எனக்கும் யோசனையா கீது" என்கிறார். ராயபுரத்தில் ஒருத்தர் செருப்புத் தைக்கிறவர் சாமான் என்றார். செருப்புத் தைக்கிறவரிடம் போனால் தேங்காய் சுரண்டுகிறது என்கிறார். எண்ணூரில் ஒரு பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது டாக்டர் சாமான்மா, ஆஸ்பத்திரில கேளு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

எல்லோரும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "லியாகத் பாய்க்கே தெர்லயா?" எனக்கும் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. போட்டோ கறுப்பாக விழுந்திருக்கிறதோ என்று தெளிவாக வேறொன்று எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்.

காசிமேட்டில் அம்மு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படகில் செத்துப்போன அசோகனின் பெண்டாட்டி. நான் உன் தங்கச்சி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள், "அக்கா, உங்க அண்ணன் வேணும்னு பண்ணியிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். என் வூட்டுக்காரு அவர பத்தி நல்லாதான் சொல்லும். ஆனா எவன் போட்டான்னு எனக்குத் தெரியணும்க்கா. தெரிஞ்சாதான் நான் அழுது முடிப்பேன்" என்றாள். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உன் மச்சான் என்னை அலையாதே என்கிறார். "வக்கீல் பாத்துக்குவாங்க, நீ எதுக்கு தெருத்தெருவா போய்க்கினு" என்று சத்தம் போட்டார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சபீஹா.


மத்திய சிறை, புழல்,
27 ஜனவரி 2025.

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் அதிகம்.

இரண்டாவது போட்டோவும் பார்த்தேன். தெரியவில்லை.

போட்டோவை இனி யாரிடமும் காட்டாதே. உன்னால் ஆகிற காரியம் இல்லை. மச்சான் சொல்வதைக் கேள். அவர் சாப்பிடுகிறாரா? வேலைக்குப் போகிறாரா? அவரைக் கவனி.

வஸ்ஸலாம். அவரைத் தனியாக விடாதே.
லியாகத் அலி.


பழைய வண்ணாரப்பேட்டை,
12 பிப்ரவரி 2025.

அண்ணனுக்கு ஸலாம். சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனசு இல்லை.

டோல்கேட் பக்கம் கப்பல் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சில்வியாவிடம் நேற்று போனேன். நீ காட்டாதே என்று எழுதியபிறகுதான் போனேன். ஏன் காட்டக்கூடாது என்ற கேள்வி என்னை உட்காரவிடவில்லை. போட்டோவைப் பார்த்த உடனே அந்த அம்மா சிரித்துவிட்டாள்.

"இத்தயா ஊரெல்லாம் காமிச்சிகினு கீற? பேரிங் ஸ்க்ரேப்பர்மா இது. பழைய இன்ஜின்ல பேரிங்க கையாலயே சொரண்டி சரி பண்றது. இப்போ எவன் சொரண்றான், புதுசு வாங்கி மாட்டிட்டுப் போய்டறானுங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கருவிதான்! கொலைக் கேஸ் போயிற்று! என் அண்ணனுக்குக்கூட இது தெரியவில்லையே என்று சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க அண்ணனுக்கா தெர்லன்ற? போன வருசம் அவரும் உன் வூட்டுக்காரரும் ஒண்ணா வந்துதானே இத்த வாங்கினாங்க? இதோ, இந்த எடத்துல நின்னுகினு உங்க அண்ணன்தான் எப்டி சொரண்டணும்னு உன் வூட்டுக்காரருக்குக் காட்டினாரு. வாங்கினது உன் வூட்டுக்காரரு. புடி ஆடிச்சின்னு நாந்தான் அந்தப் பித்தள வளையத்தப் போட்டுக் குடுத்தேன். தவ்ஃபீக் பாய் நல்லா கீறாரா?"

நல்லா இருக்கிறார் என்று சொன்னேன். பிறகு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன் அண்ணே. இரண்டு மாசமாக ஒரு பக்கம் நீ தெரியாது என்கிறாய், ஒரு பக்கம் அவர் தெரியாது என்கிறார், நடுவில் நான் பைத்தியக்காரி மாதிரி எண்ணூருக்கும் ராயபுரத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன். அந்த இரும்பு என் வீட்டுக்காரருடையது. உனக்கு முதல் நாளே தெரியும். இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அவரிடம் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதும்போது முன்னறையில் படுத்திருக்கிறார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சபீஹா.


மத்திய சிறை, புழல்,
9 மார்ச் 2025.

அன்புத் தங்கச்சி சபீஹாவுக்கு, ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. விடியுமுன் சஹருக்கு ரொட்டி தருகிறார்கள். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குப் பொறுத்துக்கொள். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இங்கே கடிதம் பிரிக்கிற ஏட்டையா பீடி, கஞ்சா என்று இருந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார். ஸ்க்ரேப்பர் என்றால் அவருக்கு என்ன தெரியும்.

ஆமாம். ஸ்டேஷனில் மேஜைமேல் அதை வைத்ததுமே தெரிந்துவிட்டது. நான் இறங்கியபிறகு சுப்பராயன் மச்சானைக் கூப்பிட்டிருக்கிறான். அவரும் என்னிடம் சொல்லாமல் போய்ப் பேரிங்கைச் சுரண்டியிருக்கிறார். அது ஸ்க்ரேப்பர் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி, காசிமேட்டில் யாரிடம் ஸ்க்ரேப்பர் இருக்கிறது என்பதுதான். சில்வியாவைக் கேட்டால் தவ்ஃபீக் பாயிடம் என்பாள். சுப்பராயனும் வாயைத் திறக்க மாட்டான். நான் வேண்டாமென்று சொன்ன இன்ஜினை வேறொருவரை வைத்து ஓட்டினான் என்று தெரிந்தால் அவன்தான் முதல் குற்றவாளி.

எனக்கு யார் இருக்கிறார்கள் சபீஹா? உன் அண்ணி மௌத்தாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை, குட்டி இல்லை. நான் உள்ளே இருந்தால் ஒரு பாய்தான் காலி. அவர் உள்ளே வந்தால் உன் வீடு காலி. அவருக்கு இந்த இடம் தாங்காது. இரண்டு மாசத்தில் பைத்தியம் பிடித்துவிடும். உனக்கும் தெரியும்.

அவரிடம் ஒன்றும் கேட்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

லியாகத் அலி.


பழைய வண்ணாரப்பேட்டை,
22 மார்ச் 2025.

அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வைத்திருக்கும் வாயால் உன்னைத் திட்டக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நீ யார் எனக்கு முடிவு செய்ய? எனக்குப் புருஷன் வேண்டுமா அண்ணன் வேண்டுமா என்று நீ தனியாக உட்கார்ந்து தராசு பிடித்தாயா? ஒரு பாய்தான் காலி என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?

கேட்டுவிட்டேன். இஃப்தாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, ஆஃபியா மேல்வீட்டுக்குப் போயிருந்தபோது போட்டோவை அவர் முன்னால் வைத்தேன். சில்வியா சொன்னாள் என்றேன். அவர் கஞ்சியைத் தொடவில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

"சுப்பராயன் வந்து, 'உன் மச்சான் ரொம்ப ஆடறான், நீ பண்றியா'ன்னான். எப்பப் பாத்தாலும் லியாகத் பாய், லியாகத் பாய்ன்றானுங்க சபீ. நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற ஆளுன்னுதான் எல்லாருக்கும் தெரியும். நானும் தனியா ஒரு இன்ஜின எழுப்புவேன்னு காட்டணும்னு தோணிச்சி. வழக்கத்த மீறி கைவெக்கறோம்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒத்த ஆளாதான் போனேன்" என்றார்.

நீங்கள் இருவரும் வேலை செய்தால், மூடுகிறதுக்கு முன்னால் ஒருவர் கருவி பேரைச் சொல்ல, மற்றவர் கோணிமேல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வீர்களாமே. அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. ஸ்க்ரேப்பர் ஓரம் மழுங்கிவிடக் கூடாதென்று பனியன் துணியில் சுற்றி உள்ளேயே ஒரு விளிம்பில் வைத்திருக்கிறார். துணி எண்ணெயில் கறுத்துப் போய்க் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடிவிட்டார். கருவியைப் பத்திரமாக வைத்ததுதான் மூன்று பேரைக் கொன்றிருக்கிறது. "பேரிங் வேல சுத்தமா இருந்துச்சு சபீ, ஒரு கொற சொல்ல முடியாது" என்று அழுகைக்கு நடுவில் சொன்னார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

அவர் வேலை செய்ததைப் பார்த்தது படகு டிரைவர் ரஞ்சித் ஒருவன்தான். நீந்திப் பிழைத்தவன். அவனைச் சுப்பராயன் விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டானாம்.

நீங்களே போய் ஸ்டேஷனில் சொல்லவேண்டும் என்றேன். "பெருநா முடியட்டும் சபீ. புள்ளைக்குப் பரீட்ச முடியட்டும். நான் போறேன்" என்றார். நான் நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது.

சபீஹா.


பழைய வண்ணாரப்பேட்டை,
14 ஏப்ரல் 2025.

அண்ணனுக்கு ஸலாம். உன் பதில் வரவில்லை. காத்திருக்காமல் எழுதுகிறேன்.

உன் மச்சான் ஓடிவிட்டார். பெருநாள் தொழுது வந்தார், பிரியாணி சாப்பிட்டார், ஆஃபியாவுக்குப் பெருநாள் காசு கொடுத்தார். நாலாம் நாள் காலையில் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். போன் எடுக்கவில்லை. தெரிந்த இடமெல்லாம் கேட்டாயிற்று. ஆஃபியாவிடம் வேலைக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ அவரைப் பற்றிச் சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். அவரால் ஆகாது. நான்தான் மடச்சி.

தலைக்குமேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. அடுத்த வாரம் சில்வியாவைக் கூட்டிக்கொண்டு வக்கீலம்மாவிடம் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீ வெளியே வா. எனக்கு நீயாவது வேண்டும்.

சபீஹா.


மத்திய சிறை, புழல்,
29 ஏப்ரல் 2025.

அன்புத் தங்கச்சி சபீஹாவுக்கு, அண்ணனின் ஸலாம். உடம்பு சுகம். மனசும் இப்போது லேசாக இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். நீ சில்வியாவோடு போவதற்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அது பேரிங் ஸ்க்ரேப்பர். வால்வு வேலை முடித்தபிறகு பேரிங்கையும் நானேதான் சுரண்டினேன். மறந்து உள்ளே விட்டுவிட்டேன். பயத்தில் இத்தனை நாள் தெரியாது என்று சொன்னேன். ஸ்க்ரேப்பர் என் மச்சானுடையது, நான் இரவல் வாங்கினேன். இதையும் சொல்லிவிட்டேன். இனி சில்வியா வந்து என்ன சொன்னாலும் என் பேச்சோடு பொருந்தும். சுப்பராயன் ஓடி வந்து, "ஆமாங்க, லியாகத் பாய்தான் சொரண்டினாரு" என்று தலையாட்டினான். சங்கமித்ராம்மா என்னைத் தடுத்துப் பார்த்தார். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கொலை போய்விட்டது. கவனக்குறைவு என்றுதான் தண்டனை. பதினாறாம் தேதி சொல்வார்கள். நாலைந்து வருஷம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று. வெளியே வந்தும் ஸ்பேனர் பிடிப்பேன்.

மச்சான் திரும்பி வருவார். ஊர் அடங்கினதும் வருவார். வந்தால் திட்டாதே, வீட்டுக்குள் சேர்த்துக்கொள். அவரால் முடியாததை அவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? ஒரு நட்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தானே முறுக்கவேண்டும்.

வஸ்ஸலாம்,
லியாகத் அலி.


பழைய வண்ணாரப்பேட்டை,
20 மே 2025.

அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்து வருஷம் என்று ஜட்ஜ் வாசித்தபோது நான் பின்னால்தான் நின்றேன். நீ திரும்பவே இல்லை. அங்கே நடந்தது என்ன என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உன் மச்சான் ஓடவில்லை. ரஞ்சித்தைத் தேடி விசாகப்பட்டினம் போயிருக்கிறார். "நான்தான் செஞ்சேன்னு வெறுங்கையோட போய்ச் சொன்னா யாரு நம்புவா, பாத்தவன இட்டுக்கினுதான் போகணும்" என்று நினைத்திருக்கிறார். முன்னால் சொன்னால் நான் நம்பமாட்டேன், இதுவும் ஒரு சாக்கு என்பேன் என்று சொல்லாமல் போயிருக்கிறார். அங்கே ரஞ்சித் கடலுக்குப் போயிருந்தான். ரயிலில் போன் தொலைந்து, எங்கள் நம்பர் ஒன்றுகூட ஞாபகம் இல்லாமல், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு அவன் கரை திரும்பும் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். அவன் வந்தான். வரமாட்டேன் என்றான். "எனக்கும் புள்ளகுட்டி கீது பாய், மொதலாளிய பகச்சிக்க முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

பதினைந்தாம் தேதி வந்து சேர்ந்தார். தாடி, அழுக்கு, ஆளே பாதி. நீ ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். "ஐயோ" என்று அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் என்னை அவர்தான் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் இழுக்கவில்லை அண்ணே. ஜட்ஜ் முன்னால் எழுந்து, "ஐயா, அவரு இல்லீங்க, நான்தான், நான்தான்" என்று கத்தியது அவராகவே கத்தியது.

ஜட்ஜ் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்க பாசம் புரியுதுப்பா, மச்சானுக்காக நீங்க ஜெயிலுக்குப் போகணும்னு நினைக்கிறது பெரிய மனசு. உட்காருங்க" என்றார். சுப்பராயன் எழுந்து, இவர் என் படகில் கால்கூட வைத்ததில்லை என்றான். சில்வியா சொன்னதை, ஸ்க்ரேப்பர் இரவல் என்று நீயே சொல்லியாயிற்றே என்று தள்ளிவிட்டார்கள். நோன்பில் நீ எழுதிய கடிதத்தைக்கூட நீட்டினேன். "வீட்டுக்கு ஒண்ணு எழுதறான், கோர்ட்ல ஒண்ணு சொல்றான், நாங்க கோர்ட்ல சொன்னதைத்தான் எடுத்துக்க முடியும்" என்றார் சர்க்கார் வக்கீல்.

அண்ணே, அவர் ஓடிவிட்டார் என்று உனக்கு எழுதியது நான். அதைப் படித்துத்தானே நீ ஒப்புக்கொண்டாய். ஒரு மாசம் நான் பொறுத்திருந்தால்? இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டும் அவரை எனக்குத் தெரியவில்லை.

சபீஹா.


மத்திய சிறை, புழல்,
11 ஜூன் 2025.

அன்புத் தங்கச்சிக்கு, ஸலாம். பக்ரீத் பெருநாள் வாழ்த்து. குர்பானி கொடுத்தீர்களா?

கோர்ட்டில் மச்சான் கத்தியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீதான் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறாய் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் 'அவர் சொல்வது நிஜம்' என்று நான் வாயைத் திறந்திருந்தால் ஜட்ஜ் ஒருவேளை நின்று கேட்டிருப்பார். திறக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தபிறகு மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். சங்கமித்ராம்மா அப்பீல் போட்டிருக்கிறார். எப்போது வரும் என்று கேட்டால், "வரும்போதுதான் அண்ணா வரும்" என்கிறார்.

நான் அவருக்காக உள்ளே வந்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய். அவர் கோழை, அவரால் ஆகாது என்று நான் முடிவு கட்டியதால் வந்தேன். அவர் தனியாக ஒரு இன்ஜினை எழுப்ப முடியாது என்று நினைத்த மாதிரியே இதையும் நினைத்தேன். அவர் தனியாக நின்று செய்யத் துணிந்த ஒரே காரியத்தையும் நான் முந்திக்கொண்டு பறித்துவிட்டேன். எனக்கு இங்கே தூக்கம் போய்விட்டது சபீஹா.

அவரிடம் என் ஸலாம் சொல். மன்னிக்கச் சொல்.
லியாகத் அலி.


பழைய வண்ணாரப்பேட்டை,
8 ஜூலை 2025.

அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஆஃபியா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நான் சுகம்.

உன் ஸலாமைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உன் மச்சான் இப்போது வேலைக்குப் போவதில்லை. காலையில் காசிமேட்டுக்குப் போய் வலை காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். யாராவது விசாரித்தால், "நான்தான் போட்டேன்" என்கிறார். "சரி பாய், டீ ஆறிகினு கீது, குடி" என்கிறார்கள். முன்பு அவர் பேரே தெரியாதவர்கள்கூட இப்போது எழுந்து நின்று மரியாதை கொடுக்கிறார்கள். மச்சானுக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தவர் என்று பேர் வந்துவிட்டது.

அம்முவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் போன வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஒருத்தியாவது நம்பி அவரை நாலு அடி அடித்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அசோகன் போட்டோவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரேப்பரைத் துணியில் சுற்றி வைத்ததிலிருந்து மூடியது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மு முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"போதும்ணா. எவன் போட்டான்னு கோர்ட்லயே சொல்லிட்டாங்க, நான் அழுது முடிச்சிட்டேன். அந்த ஆளுக்குப் போய் இப்டி ஒரு மச்சானா? உன்ன மாதிரி நல்ல மனுசன் இந்த ஊர்ல இல்லண்ணா" என்றாள்.

அவர் கையை உருவிக்கொள்ள முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாத்திரையை விடாமல் போடு. வஸ்ஸலாம்,
சபீஹா.